அஞ்சு மாசம் என்று நீ சொன்னது

தெருமுனையில் வரும்போதே குரலால் வீட்டை நிறைக்கிற என் ஆரோக்கியம் அத்தைக்கு,

உன் மருமகள் ஜெசிந்தா எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். நீ பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. அதனால் எழுத்தில் தப்பு இருந்தால் நீ கண்டுபிடிக்கப் போவதில்லை. உயிரோடு இருக்கும்போது உன்னை 'நீ, வா, போ' என்றுதான் பேசினேன். செத்துப்போனாய் என்பதற்காகப் புதிதாக மரியாதை கொடுத்தால் நீயே எழுந்து வந்து, "இன்னாமே, யாராண்ட பேசினு கீற?" என்று கேட்பாய்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் முப்பதாம் நாள் பூசை. பூசை முடிந்து, வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்காருவதற்கு முன்னால், இதை நின்று படிக்கப்போகிறேன். உன் புள்ள வேண்டாம் என்கிறார். "செத்தவங்கள வெச்சு சண்டை இஸ்க்காத ஜெசி" என்கிறார். சண்டைதான். உன் சாவோடு போகவேண்டிய சண்டை இல்லை இது. மீன் ஏலத்தில் பத்து ஆம்பளைகளை வாயாலேயே அடக்குகிறவள், இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் கடைசி வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டாய். நீ போடாத சண்டையை நான் போடுகிறேன்.

உன்னை ஐஸ் பெட்டியில் வைத்திருந்த அன்று நடந்ததை முதலில் சொல்கிறேன். உன் ஓரகத்தி, எனக்குச் சின்னத்தை, ரோசலி வந்தாள். மாலை போட்டாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் பொம்பளைகளோடு போய்க் குந்திக்கொண்டு, எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்: "பேரனை வாயாலயே முழுங்கினவ. இப்ப இன்னா அமைதியா பட்த்துகினு கீறா பாரு."

என் கையில் காபித் தூக்கு இருந்தது, அத்தை. சூடாக இருந்தது. உன் புள்ள என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடிக்காமல் இருந்தால் அன்றைக்கு உன் பக்கத்தில் இன்னொரு பெட்டி வைக்க வேண்டியிருக்கும்.

படிக்கும்போது கேட்க வருகிறவர்களில் புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தத் தெரு சொன்ன கதைதான் தெரியும். அதனால் முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், நாம் காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு திருவொற்றியூருக்கு மூணு சக்கர மீன்பாடி வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். கூடைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு. ரோடு முழுக்கத் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி வரிசை. இப்போதும் அதே வரிசைதான், அதே குழிதான். வரிசையில் நின்றிருந்த ஒருத்தன் முன்னால் போகிற அவசரத்தில் வண்டியை ஒடித்தான். என் காலை உரசிக்கொண்டு போனான். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. மீன் எல்லாம் ரோட்டில். நீ மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் காலைக்கூட முதலில் பார்க்கவில்லை. என் வயிற்றில்தான் கை வைத்தாய்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேசையில் இருந்த டாக்டர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எத்தனை மாசம்?"

நீ உடனே உன் முந்தானையை எடுத்து என் வயிற்றின் மேல் போட்டாய். "அஞ்சு, நைனா."

எனக்கு ஏழு முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று வெளியாட்கள் கேட்கலாம். நம்ம தெருவில் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே எந்தப் பொம்பளை, எந்தக் காலத்தில், முன்னே பின்னே தெரியாதவனிடம் மாசத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறாள்? ரெண்டு குறைத்துத்தான் சொல்வோம். கண்ணு பட்டால் கரு தங்காது என்று பயம். ஏற்கனவே எனக்கு ஒன்று தங்காமல் போயிருந்தது. நீ யோசித்துச் சொல்லவில்லை. கை முந்தானையை இழுத்த மாதிரி, வாய் அதைச் சொல்லிவிட்டது. படுத்திருந்த எனக்கும் அது காதில் விழுந்தது, தப்பாகவே படவில்லை. எங்க அம்மா கூட வந்திருந்தால் அவளும் அஞ்சு என்றுதான் சொல்லியிருப்பாள். ரோசலி சின்னத்தை வந்திருந்தால் நாலு என்று சொல்லியிருப்பாள்.

அந்த ஆள் அஞ்சு என்று எழுதினார். முந்தானையைத் தூக்கிப் பார்க்கவில்லை. வயிற்றைத் தொடவில்லை. காலைப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார், ஆபரேஷன் என்றார்.

தியேட்டர் கதவுகிட்ட தள்ளுவண்டியை நிறுத்தியபோது நீ மறுபடியும் என் வயிற்றில் கை வைத்தாய். அவன் உதைத்தான். எனக்கும் தெரிந்தது, உன் கைக்கும் தெரிந்தது. அவ்வளவு ரத்தத்துக்கு நடுவிலும் நீ சிரித்தாய். "துள்றான்மே. ஆத்தாளாட்டமே ராங்கி" என்றாய்.

இதை எல்லாரும் நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும். கதவு வரைக்கும் அவன் இருந்தான். அதற்கு நாங்கள் ரெண்டு பேர் சாட்சி.

உள்ளே முதுகில் ஊசி போட்டார்கள். நெஞ்சுக்குக் கீழே எனக்கு ஒன்றுமே இல்லாமல் போனது. மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். முழிப்பாகத்தான் இருந்தேன், அத்தை. உனக்கு இதை முழுசாகச் சொன்னதே இல்லை, நீ தாங்கமாட்டாய் என்று. எலும்பில் தட்டுகிற சத்தம் பக்கத்து வீட்டில் ஆணி அடிப்பது மாதிரி கேட்டது. வலி இல்லை. காலும் என்னது இல்லை, வயிறும் என்னது இல்லை. அவன் உதைக்கிறானா, படுத்திருக்கிறானா, எனக்கே தெரியவில்லை. அத்தனை மாசத்தில் அவன் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியாமல் போனது அப்போதுதான்.

கொஞ்ச நேரத்தில் கண் இருட்டியது. வாந்தி வந்தது. "மயக்கமா கீது சார்" என்றேன். பிரஷர் இறங்குது என்று யாரோ சொன்னார்கள், ஊசி போட்டார்கள். தலைமாட்டில் ஒரு மிஷின் கீக் கீக் என்று கத்திக்கொண்டே இருந்தது.

"இன்னா சார் சத்தம் அது?"

"உன் இதயத் துடிப்பும்மா. நல்லா இருக்கு."

"கொயந்தையுது?"

"நாங்க கால் டாக்டர்ம்மா. குழந்தைக்கு வேற டிபார்ட்மென்ட். அஞ்சு மாசம்தானே, ஒண்ணும் ஆகாது. பேசாம படு."

அப்புறம் அவர்கள் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார்கள்.

வேற டிபார்ட்மென்ட். என் வயிறு எந்தத் தெருவில் இருந்தது அத்தை? காலுக்கு மேலேதானே இருந்தது? ஒரே மேசையில்தானே ரெண்டு பேரும் படுத்திருந்தோம்? எனக்கு ஒரு மிஷின் வைத்தவர்களுக்கு, அவனுக்கு ஒரு காது வைக்கத் தோன்றவில்லையே. அந்த வேற டிபார்ட்மென்ட்டை ஒரு போன் போட்டுக் கூப்பிடத் தோன்றவில்லையே.

மறுநாள் மரமரப்பு போனது. கால் வலித்தது, முதுகு வலித்தது. வயிறு மட்டும் சும்மா இருந்தது. நீ என் வயிற்றில் காதை வைத்துப் படுத்துக்கொண்டாய். "தூங்குறான். மருந்து மயக்கம் அவனுக்கும் இருக்குமில்ல" என்றாய். ஆனாலும் அசைவில்லை என்று வந்த நர்சிடம் எல்லாம் சொன்னாய், போன ஆயாவிடம் எல்லாம் சொன்னாய். அடுத்த நாள்தான் பிரசவ வார்டில் இருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். ஒரு குழலை வயிற்றில் வைத்தார். இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் மாற்றினார். பிறகு குழலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "வீட்டுக்காரர் எங்கே?" என்றார்.

பெற்றேன். கால் கட்டோடு பெற்றேன். தலை நிறைய முடி, உன் மூக்கு.

அப்போதுதான் எல்லாரும் வயிற்றையும் பிள்ளையையும் பார்த்தார்கள். "இது ஏழரை மாசத்துக்கு மேல இருக்கே. யாரு அஞ்சுன்னு சொன்னது?" என்று ஒரு நர்சு கத்தினாள். நீ வார்டு நடுவில் நின்று, "நான்தாம்மா" என்றாய். அந்தக் குரல் உன் குரலே இல்லை. பெரிய டாக்டர் உன் புள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அம்மா தப்பான தகவல் குடுத்துட்டாங்க. நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார்.

அவ்வளவுதான். கேஸ் முடிந்தது. லாரிக்காரனும் தப்பித்தான், தியேட்டரும் தப்பித்தது. மாட்டியது மீன்காரி ஆரோக்கியம்.

விபத்து அதிர்ச்சியிலேயே போயிருக்கலாம் என்றும் சொன்னார்கள். இருக்கலாம். நான் டாக்டர் இல்லை. காது வைத்துக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் பிழைத்திருக்க மாட்டான் என்று அவர்களாலும் சத்தியம் பண்ண முடியாது. ஏனென்றால் யாருமே கேட்கவில்லை. என் பிள்ளை என்றைக்குச் செத்தான் என்று எனக்குத் தெரியாது, அத்தை. மேசையிலா, வார்டிலா, நீ காதை வைத்துக்கொண்டு படுத்திருந்தபோதா? பூசைக்கு நாள் கேட்டுக் கோயில் உபதேசியார் வந்தபோது நாம் ரெண்டு பேரும் முழித்தோமே, நினைவிருக்கிறதா? உலகத்தில் எல்லாச் சாவுக்கும் ஒரு தேதி இருக்கிறது. அவனுக்கு இல்லை.

அதற்கப்புறம் நீ மாறிப்போனாய். "மீனு ஃபிரெஷ்ஷா ஆயா?" என்று கேட்டால், "இல்லம்மா, நேத்துது" என்று சொல்ல ஆரம்பித்தாய். எந்த மீன்காரி அப்படிச் சொல்வாள்? வாடிக்கை எல்லாம் பக்கத்துக் கூடைக்குப் போனது. "ஒரு பொய் சொன்னா இன்னா அத்தே, மீனுதானே" என்று நான் திட்டினால், "வாணாம்மே, என் வாயி நல்ல வாயி இல்ல" என்பாய்.

அவனுக்கு அடுத்து நம்ம ஸ்டெல்லா வயிற்றில் இருந்தபோது நீ பண்ணிய கூத்துக்கு நான் சிரிப்பதா, அழுவதா? பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டால், "ரெண்டு திருவொற்றியூர். இவளுக்கு எட்டு மாசம்" என்பாய். அந்த ஆள் பயந்துபோய், "இதுக்கெல்லாம் தனி டிக்கெட் இல்ல ஆயா" என்றான். பஸ்ஸே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. ரேஷன் கடையில், கோயிலில், ஆஸ்பத்திரி வாட்ச்மேனிடம், வழியில் போகிற பூனையிடம்கூட என் மாசத்தைச் சரியாகச் சொன்னாய். கண்ணு பட்டாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது உனக்கு. ஸ்டெல்லா பிறந்து, என் மடியில் இருந்து உன் மடிக்கு நான் கொடுத்தபோது, "நீயே வெச்சுக்கோ" என்று ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாய்.

எத்தனை வாட்டி சொன்னேன், உன் மேல் தப்பில்லை என்று. நீ நம்பவே இல்லை. ஆஸ்பத்திரி சொன்னதை நம்பினாய். தெரு சொன்னதை நம்பினாய். இன்றைக்கு என்னிடம் அத்தாட்சி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

போன வாரம் ரோசலி சின்னத்தை நம்ம வீட்டுக்கு ஓடி வந்தாள். அவள் மருமகள் ஷீலாவுக்கு வயிற்று வலி, வாந்தி. மாசமான பெண். வலி மேலே, விலாப்பக்கம் என்றதால் வாயுதான் என்று ஓமத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள். தெருமுனை டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, குடல்வால் மாதிரி இருக்கிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, ஆபரேஷன் பண்ணவேண்டி வரும் என்றாராம்.

"ஜெசி, நீ கூட வாயேன். உனுக்குதான் அங்க பேசத் தெரியும்" என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

போயிருக்கமாட்டேன், அத்தை. உன் படத்தைப் பார்த்தேன். போட்ட மாலையைக்கூட இன்னும் எடுக்கவில்லை. ஆனால் ஆட்டோவில் ஷீலா சுருண்டு உட்கார்ந்திருந்தாள், ரெண்டு கையும் வயிற்றில். செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினேன்.

அதே ஆஸ்பத்திரி. அதே கேட். பெயிண்ட் மட்டும் புதுசு. மேசையில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா.

"எத்தனை மாசம்?"

நான் வாயைத் திறக்கவில்லை இன்னும். ரோசலி சின்னத்தை முந்தானையை இழுத்து ஷீலா வயிற்றின் மேல் போட்டாள். "அஞ்சும்மா" என்றாள்.

என் உடம்பெல்லாம் எரிந்தது. அவளை அங்கேயே ரெண்டாகக் கிழித்திருப்பேன். "ஏழு" என்று கத்த வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அந்த டாக்டரம்மா எழுந்துவிட்டார். முந்தானையை எடுத்து ஓரமாகப் போட்டார். வயிற்றில் கை வைத்தார். மேலே, கீழே, பக்கவாட்டில். ஒரு டேப்பை எடுத்து அளந்தார்.

"யாரும்மா அஞ்சுன்னது? ஏழு தாண்டியிருக்கு" என்றார். கோபம்கூட இல்லை. கடலைக்காரன் எடையைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். அந்த இடத்திலேயே போனை எடுத்துப் பிரசவ வார்டைக் கூப்பிட்டார். ஒரு சின்ன மிஷினை வயிற்றில் வைத்தார். படபடபட என்று, கரையில் இருந்து கிளம்புகிற போட்டு மோட்டார் மாதிரி, அந்த அறை முழுக்கச் சத்தம். ஷீலா அழுதாள்.

நான் அந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ஆபரேஷன் நடக்கும்போது கொயந்தைய யாரு பாப்பாங்க?"

"பிரசவ டாக்டர் உள்ளேயே இருப்பாங்கம்மா. மல்லாக்கப் படுக்கவைக்க மாட்டோம், வலது பக்கம் இடுப்புக்குக் கீழே தலகாணி வெச்சுக் கொஞ்சம் சாய்ச்சுத்தான். முன்னாடி கேட்போம், முடிஞ்சா நடுவுலயும் கேட்போம், முடிஞ்ச உடனே கேட்போம்."

"அஞ்சு மாசமாவே இருந்துச்சுன்னா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அஞ்சா இருந்தாலும் முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை கேட்டுத்தானே ஆகணும்?" என்றார்.

கேட்டாயா அத்தை? அஞ்சா இருந்தாலும். உன் அஞ்சு அவர்கள் கையைக் கட்டவில்லை. உன் அஞ்சு அவர்கள் காதை அடைக்கவில்லை. ஏழு என்று சொல்லியிருந்தாலும் அந்த ஆள் பேப்பரைத்தான் பார்த்திருப்பார். ஒரு கை வைக்கிற வேலை. ஒரு டேப் பிடிக்கிற வேலை. இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, வருஷக்கணக்காக அந்தப் பழி உன்னைத் தின்ன விட்டுவிட்டார்களே!

எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும் இல்லையா? வரவில்லை. இவ்வளவு சுலபமா என்றுதான் வயிறு எரிந்தது. கஷ்டமான வேலை என்றால்கூட மன்னித்திருப்பேன்.

தியேட்டருக்கு வெளியே நானும் ரோசலி சின்னத்தையும் தரையில் குந்தியிருந்தோம். நீ அன்றைக்குக் குந்தியிருந்த அதே சுவர். அவள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "அக்காவும் இப்டித்தான் சொல்லிச்சா?"

"இப்டியேதான். முந்தானைய இஸ்து மூடிக்கினு."

"என் வாயில தானா வந்துடுச்சு ஜெசி."

"அவங்க வாயிலயும் தானாத்தான் வந்துச்சு."

அவள் அழுதாள். நான் அழவிட்டேன். முதுகில் தட்டிக்கொடுக்கவில்லை. நீயாக இருந்தால் தட்டியிருப்பாய்.

ஷீலாவை வெளியே கொண்டுவந்தபோது கதவுகிட்டயே மறுபடியும் அந்த மிஷினை வைத்தார்கள். போட்டு மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ரோசலி சின்னத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வெளியே வந்து, தண்ணீர்க் குழாய்கிட்ட நின்று, யாரும் பார்க்காமல் ஒரு மூச்சு அழுதேன். ஷீலாவுக்காக இல்லை.

அத்தை, ஞாயிற்றுக்கிழமை ரோசலி சின்னத்தையும் வருவாள். இதை அவள் முன்னால்தான் படிப்பேன். உன் ஐஸ் பெட்டி பக்கத்தில் குந்திச் சொன்னதை, அதே வீட்டில், அத்தனை பேர் கேட்க, அவள் வாயாலேயே திருப்பி எடுத்துக்கொள்ளவேண்டும். அதற்கப்புறம்தான் இலை போடுவேன். சோறு ஆறினால் ஆறட்டும்.

இனி இந்தத் தெருவில் எந்த மாசமான பெண் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், காலுக்கோ, கல்லுக்கோ, குடலுக்கோ எதற்குப் போனாலும், நான் கூடப் போவேன். மாசத்தைச் சரியாகச் சொல்வேன், ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி. வயிற்றில் கை வைக்காமல் யாரையும் உள்ளே தள்ளிக்கொண்டு போக விடமாட்டேன். உன் குரல் எனக்கு இல்லை. பழகிக்கொள்கிறேன்.

அவனுக்கும் இனிமேல் தேதி இல்லாமல் இல்லை. உபதேசியாரிடம் சொல்லிவிட்டேன். உன் நாள்தான் அவன் நாள். வருஷா வருஷம் ஒரே பூசை, ரெண்டு பேருக்கும். அங்கே அவனைப் பார்த்தால், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளாதே. எடுத்து மடியில் போட்டுக்கொள். உன் மூக்குதான், பார்த்ததும் தெரிந்துவிடும்.

உன் பேரனைப் பெற்றவள்,
உன் பழியைத் துடைக்காமல் ஓயாத மருமகள்,
ஜெசிந்தா